வேலைக்குப் போகும் பெற்றோர் தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைக்க: காகிதம், செலவு, நேரம்

டர்பனுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் எங்கள் பிள்ளைகள் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்க வைத்தோம். நான் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். என் கணவர் துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்காளர். பள்ளி வேன் காலை ஆறு மணிக்கு முன்பே வாசலுக்கு வந்துவிடும், மாலை நான்கைத் தாண்டித்தான் பிள்ளைகள் திரும்புவார்கள். பெரியவன் அப்போது ஏழாம் கிரேடு, சின்னவள் நான்காம் கிரேடு.

செய்ய வேண்டியதை எல்லாம் தலைகீழாகச் செய்தோம். முதலில் ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டினோம், அப்புறம் பள்ளியில் நிறுத்தினோம், கடைசியில்தான் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதே தெரிந்தது. இரண்டு மாதம் தூக்கமில்லை, கட்டிய முன்பணமும் திரும்பவில்லை. இங்கே புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் அந்த வழியில் போகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது குவாசுலு-நட்டாலில். வேறு மாகாணத்தில் இருந்தால் படிவமும் அலுவலகமும் மாறும், சட்டம் ஒன்றுதான்.

1. காலை பத்து மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்?

எந்தப் பாடத்திட்டம், எந்த நிறுவனம் என்று தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டிலிருந்து மதியம் ஒரு மணி வரை பிள்ளைக்குப் பக்கத்தில் எந்தப் பெரியவர் இருப்பார் என்று எழுதுங்கள். பெயரோடு எழுதுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று எந்தக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள்.

எங்கள் தாளில் செவ்வாயும் வியாழனும் காலியாக இருந்தன. விளம்பரங்கள் எல்லாம் "பிள்ளை தானே படிக்கும்" என்றுதான் சொல்கின்றன. பதின்மூன்று வயதுப் பையன் கணினி முன் நான்கு மணி நேரம் தனியாக உட்காருவான், ஆனால் படிப்பான் என்று சொல்ல முடியாது. பத்து வயதுக்குக் கீழே இருந்தால் பேச்சே இல்லை, கூட ஆள் வேண்டும். இந்தத் தாள் சரியாக நிரம்பினால் மற்ற முடிவுகள் பாதி தானாக வந்துவிடும். நிரம்பவே இல்லை என்றால் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுவதுதான் நல்லது. அதில் எந்தத் தாழ்வும் இல்லை.

2. உங்கள் நேரத்துக்கு எந்த வழி ஒத்து வரும்?

பெற்றோரில் ஒருவர் காலையில் வீட்டில் இருந்தால், நீங்களே சொல்லிக்கொடுக்கலாம். இங்கே பள்ளிகளில் நடப்பது கேப்ஸ் என்ற தேசியப் பாடத்திட்டம். அதற்கான பயிற்சிப் புத்தகங்களை அடிப்படைக் கல்வித் துறையே தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது, கிரேட் ஆர் (முதல் கிரேடுக்கு முந்தைய ஆண்டு) முதல் 9 வரை இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். மேல் கிரேடுகளின் கணிதம், அறிவியலுக்கு சியாவுலா புத்தகங்களும் இலவசம். முதல் மூன்று கிரேடுக்குத் துறையின் புத்தகங்களே தாராளம்.

மாலையிலும் வார இறுதியிலும்தான் நேரம் என்றால், பெட்டியாக வரும் திட்டம் பாருங்கள். இம்பாக் போன்ற நிறுவனங்கள் புத்தகம், வாரப் பாடத்திட்டம், தேர்வுத்தாள் எல்லாவற்றையும் சேர்த்துத் தருவார்கள். பகலில் கூட இருப்பவர் பாடம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, அட்டவணைப்படி உட்கார வைத்தால் போதும். சந்தேகங்களை மாலையில் நீங்கள் தீர்க்கலாம்.

நேரலை ஆன்லைன் வகுப்பு பெரிய பிள்ளைகளுக்கு ஒத்து வருகிறது. ஆசிரியர் பேர் சொல்லிக் கூப்பிடும் வகுப்பா, பதிவு செய்த காணொளியா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். விலை பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும், உள்ளே இருப்பது வேறு.

வீட்டுக்கு வரும் ட்யூட்டர் நான்காவது வழி. எங்கள் சின்னவளுக்கு அமைந்தது அதுதான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். வாரம் நான்கு நாள், ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை. அக்கம்பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கோயிலிலோ நூலகத்திலோ விசாரித்தால் கிடைப்பார்கள்.

ட்யூஷன் சென்டர் விஷயத்தில் மட்டும் கவனம். பத்து இருபது பிள்ளைகளை ஒரு வீட்டில் வைத்துக் காலை முதல் மதியம் வரை நடத்தும் இடங்கள் பல உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு மிக வசதி. ஆனால் அந்த இடம் தனியார் பள்ளியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள், பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். பதிவில்லாமல் பள்ளி நடத்துவது குற்றம். மாவட்டக் கல்வி அலுவலகம் வந்து மூடினால், வருடத்தின் நடுவில் பிள்ளை தெருவில் நிற்கும்.

3. எந்தக் கிரேடு?

இங்கே கல்வியாண்டு ஜனவரி நடுவில் தொடங்கி டிசம்பரில் முடியும், நான்கு பருவம். பிள்ளைக்கு 6 வயது ஆகும் ஆண்டில் கிரேட் ஆர், 7 ஆகும் ஆண்டில் முதல் கிரேடு. நம் ஊரில் ஆறு வயதுக்குள்ளேயே ஒன்றாம் வகுப்பு போன பிள்ளைக்கு இங்கே ஒரு வகுப்பு குறைவது போலத் தெரியும். அதற்காக வயதை மீறி மேலே தள்ளாதீர்கள். மார்ச்சில் அங்கே முடித்துவிட்டு ஏப்ரலில் வந்தால், இங்கே ஒரு பருவம் ஏற்கெனவே ஓடியிருக்கும். அந்த ஆண்டின் மிச்சத்தை ஆங்கிலத்துக்கும் இரண்டாவது மொழிக்கும் கொடுத்துவிட்டு ஜனவரியில் புதிதாகத் தொடங்குவது நிதானமான வழி.

இரண்டாவது மொழி என்றேன். கேப்ஸில் ஒரு மொழி வீட்டு மொழி நிலையிலும், இன்னொன்று முதல் கூடுதல் மொழி நிலையிலும் படிக்க வேண்டும். இந்தப் பக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தோடு ஆஃப்ரிகான்ஸ் அல்லது இசிசூலு. எங்கள் பெரியவன் இசிசூலு எடுத்தான், காவலாளியோடும் கடைக்காரரோடும் பேசிப் பேசியே பழகிவிட்டான்.

4. விசாவைப் பாருங்கள்

குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பிள்ளையின் பாஸ்போர்ட்டில் படிப்பு விசா இருந்தால் அதில் எழுதியிருப்பதை வரிவரியாகப் படியுங்கள். குறிப்பிட்ட பள்ளியின் பெயரில் கொடுத்திருந்தால், பள்ளியை விடுவது விசா நிபந்தனையைத் தொடும். பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கு முன்பே விசா விண்ணப்பத்தைப் பார்த்துக்கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

5. காகிதங்கள்

வீட்டுக்கல்விக்கு விண்ணப்பிப்பது தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி. அதை மாற்றிய பெலா சட்டம் 2024 டிசம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. கிரேட் ஆர் முதல் 9 வரை கல்வி கட்டாயம். பள்ளிக்கும் அனுப்பாமல், வீட்டுக்கல்விக்கும் பதியாமல் வைத்திருந்தால் பெற்றோருக்கு அபராதமோ 12 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், நாங்களும் அதைக் கேட்டு ஏமாந்தோம்.

நாங்கள் சேர்த்த காகிதங்கள்: நிரப்பிய விண்ணப்பப் படிவம், பெற்றோர் இருவரின் அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட் நகல், விசாப் பக்கத்தின் நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல், கடைசியாகப் படித்த பள்ளியின் மதிப்பெண் அறிக்கை, முகவரிச் சான்று, எதற்காக வீட்டில் படிக்க வைக்கிறோம் என்ற கடிதம், வார அட்டவணை, ஆண்டு முழுவதற்குமான பாடத்திட்டம். ட்யூட்டர் வைத்தால் அவர் விவரத்தையும் சேர்த்துவிடுங்கள்.

இதில் நம்மவர்கள் மாட்டுவது இரண்டு இடத்தில்.

ஒன்று, பிறப்புச் சான்றிதழ். தமிழ்நாட்டுச் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருப்பதால் மொழிபெயர்ப்புத் தொல்லை இல்லை. ஆனால் பெயர் வைப்பதற்கு முன்பே வாங்கிய சான்றிதழில் பிள்ளை பெயர் இருக்காது. எங்கள் மகனுடையது அப்படித்தான் இருந்தது, "ஆண்" என்று மட்டும் போட்டு, பெயர்க் கட்டம் வெறுமையாக. ஊரில் என் தம்பி மாநகராட்சிக்கு மூன்று முறை நடந்து பெயர் சேர்த்து அனுப்ப ஐந்து வாரம் ஆனது. இன்னும் கிளம்பாதவர்கள் இன்றே பீரோவைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

இரண்டு, சான்றளித்த நகல். காவல் நிலையத்துக்கு அசலையும் நகலையும் கொண்டுபோனால் முத்திரை குத்தித் தருவார்கள், கட்டணம் இல்லை. அந்த முத்திரைக்கு ஆயுள் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பழையதை அலுவலகங்கள் திருப்பிவிடும். எங்களுடையது திரும்பி வந்தது. மற்ற எல்லாம் தயாரான பிறகு கடைசி வேலையாக இதைச் செய்யுங்கள். செவ்வாய், புதன் காலை போனால் கூட்டம் குறைவு. மாதக் கடைசியில் போகவே வேண்டாம்.

அட்டவணை எழுதும்போது பாடங்களின் பெயர் கேப்ஸில் உள்ளபடியே இருக்கட்டும். மூன்றாம் கிரேடு வரை நான்கு பாடம், 4 முதல் 6 வரை ஆறு, 7 முதல் 9 வரை ஒன்பது. கேம்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் பாடத்திட்டமோ வேறு திட்டமோ எடுத்தால், அது தேசியப் பாடத்திட்டத்துக்கு ஈடானது என்று காட்ட வேண்டும். அந்த நிறுவனமே ஒப்பீட்டு அட்டவணை வைத்திருக்கும், கேட்டு வாங்கி இணைத்துவிடுங்கள்.

6. விண்ணப்பம் போட்டு, கடிதம் வரும்வரை பள்ளியை விடாதீர்கள்

விண்ணப்பம் போவது மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு. எங்கள் மாகாணத்தில் தலைமை அலுவலகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். நடைமுறையில் மாவட்ட அலுவலகம்தான் கூப்பிடும். சாட்ஸ்வொர்த் உம்லாசி மாவட்டத்தில் வரும், டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸ் பைன்டவுன் மாவட்டத்தில் வரும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "பதிவு செய்து தருகிறோம், இத்தனை ஆயிரம் ராண்ட்" என்று யாராவது சொன்னால், படிவம் நிரப்பக் காசு கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆன்லைன் நிறுவனத்தில் எங்களிடம் பேசியவர், "நாங்கள் பதிவு பெற்றவர்கள், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்" என்றார். அவர் சொன்ன பதிவு தேர்வு வாரியத்திடம் அந்த நிறுவனத்துக்கு இருந்த பதிவு. ஆன்லைன் பள்ளியில் சேர்ந்தாலும் ஒன்பதாம் கிரேடு வரை நம் பிள்ளை வீட்டுக்கல்விப் பிள்ளைதான். மாகாணத்தில் அதைப் பதிய வேண்டியவர் தாயோ தந்தையோதான். அந்த நிறுவனத்துக்காரர் பேச்சை நம்பி ஜனவரியில் பிள்ளைகளை நிறுத்தினோம். மார்ச்சில் பழைய பள்ளியிலிருந்து போன், பிள்ளைகள் எங்கே என்று. அவர்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு காகிதம்கூட இல்லை. அந்த மதியம் ஆய்வகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதது இன்னும் மறக்கவில்லை.

ஆகவே வரிசை இதுதான்: ஜனவரியில் தொடங்க நினைத்தால் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே விண்ணப்பம் போடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பி, வந்து சேர்ந்தது என்ற பதிலை வாங்குங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். எங்களுக்கு முறையாகப் போட்ட பிறகு கடிதம் வர ஏறக்குறைய பதினொரு வாரம் ஆனது. நடுவில் பெற்றோரையும் பிள்ளையையும் பேச அழைக்கலாம். எங்களிடம் அட்டவணையைத்தான் அதிகம் கேட்டார்கள், "செவ்வாய்க்கிழமை யார் பார்ப்பது?" என்று. முதல் படியில் சொன்ன தாள் அங்கேதான் கைகொடுத்தது.

கடிதம் கைக்கு வந்ததும் பள்ளியில் எழுதிக் கொடுத்து, ட்ரான்ஸ்ஃபர் கார்டும் கடைசி மதிப்பெண் அறிக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையையும் இதே உறையில் வையுங்கள். நாளைக்குப் பள்ளிக்குத் திரும்ப வேண்டி வந்தால் இவற்றைத்தான் கேட்பார்கள்.

7. செலவு

இரண்டு பிள்ளைகளுக்கு எங்கள் கணக்கைச் சொல்கிறேன், உங்களுடையது கூடும் குறையும். பெரியவனின் நேரலை வகுப்பு ஆண்டுக்கு 32,000 ராண்ட், பத்துத் தவணையில். சின்னவளுக்குப் புத்தகப் பெட்டி 9,000 ராண்ட், ஆன்ட்டிக்கு மாதம் 4,000. மை டேங்க் பிரிண்டர் 4,500 ராண்ட். முதலில் சின்ன கார்ட்ரிஜ் பிரிண்டர் வாங்கி, மூன்று மாதத்தில் மைக்கே அதன் விலையைக் கொடுத்துவிட்டோம். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். ஃபைபர் இணையம் மாதம் 800 சுமார். வேன் கட்டணமும் சீருடையும் மிச்சம்.

பணம் கட்டும்முன் மூன்று கேள்வி. நடுவில் விலகினால் எவ்வளவு அறிவிப்புக் காலம், மிச்சப் பணம் வருமா? புத்தகம் விலையில் சேர்ந்ததா, தனியா? தேர்வுக் கட்டணம் சேர்ந்ததா, தனியா? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும், போனில் சொன்னது செல்லாது.

8. வாரத்தை அமைப்பது

பள்ளியில் நான்காம் கிரேடு முதல் வாரம் 27.5 மணி நேரப் பாடம். வீட்டில் அதைப் பிரதி எடுக்க வேண்டாம். ஒருவரோ இருவரோ படிக்கும் இடத்தில் காலை மூன்றரை மணி நேரம் ஒழுங்காக நடந்தால் வேலை முடிகிறது. எங்கள் வீட்டில் கணிதம் மட்டும் அப்பாவின் பொறுப்பு, இரவு ஏழிலிருந்து ஏழேமுக்கால் வரை, சாப்பாட்டுக்கு முன். என் இரவு ஷிப்டு முடிந்த மறுநாள் காலையில் நான் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. தூக்கக் கலக்கத்தில் பிள்ளையிடம் எரிந்து விழுந்த பிறகு வைத்த விதி அது. அன்று பெரியவனுக்கு வாசிப்பும் இசிசூலுப் பயிற்சியும் மட்டும்.

மின்சாரம் போகும் நாளுக்கென்று அச்சிட்ட ஒரு வாரப் பயிற்சித்தாளைத் தனியாக வைத்திருங்கள். வெள்ளிக்கிழமை வெளியே. நூலகத்தில் இலவசமாக உறுப்பினராகலாம், டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, நகர மண்டபக் கட்டடத்தில் இயற்கை அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகள் வேண்டும். வாரம் ஒரு விளையாட்டு வகுப்பைச் செலவு என்று பார்க்காதீர்கள்.

தமிழுக்கும் இங்கே இடம் இருக்கிறது. பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு இரண்டாம் கூடுதல் மொழியாகத் தமிழை எடுக்கலாம். எல்லா நிறுவனமும் தருவதில்லை, சேரும்போதே கேளுங்கள். ஆன்ட்டிக்குத் தமிழ் எழுதத் தெரியாது, பாட்டி பாடிய பாட்டுகள் மட்டும் தெரியும். பாடம் முடிந்த பிறகு சின்னவள் அவருக்கு அகர வரிசை எழுதிக் காட்டுகிறாள். இப்போது அவர் தன் பெயரைத் தமிழில் எழுதுகிறார், கடைசி எழுத்தில் புள்ளி வைக்க மட்டும் மறந்துவிடும்.

9. ஃபைல்

வருகைப் பதிவு, பிள்ளை செய்த வேலை, தேர்வுத்தாள், முன்னேற்றக் குறிப்பு எல்லாவற்றையும் நீங்கள் வைத்திருக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு லீவர் ஆர்ச் ஃபைல், பாடத்துக்கு ஒரு நிறத் தடுப்புத்தாள். ஆன்ட்டி எங்கள் சமையலறை மேசையில் முதல் ஃபைலைப் புரட்டியபோது மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு தாளின் மேல் மூலையில் விரலை வைத்து, "தேதி எங்கே?" என்றார். நாற்பது தாளில் தேதி இல்லை. தேதி இல்லாத தாள் எந்த ஆண்டு வேலை என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து பிள்ளைகள் பெயருக்கு முன்பே தேதி எழுதுகிறார்கள்.

பள்ளிப் படிப்பின் கட்டங்கள் முடியும் இடம் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் கிரேடு. அந்த ஆண்டுகளின் முடிவில் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பார்த்துக் கொடுத்த அறிக்கையைத் துறைக்கு அனுப்ப வேண்டும். தென்னாப்பிரிக்க ஆசிரியர் கவுன்சிலில் பதிவுள்ள ஆசிரியராகப் பாருங்கள், பதிவு எண்ணை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். நவம்பரில் ஆசிரியர்கள் எல்லோரும் தேர்வு வேலையில் இருப்பார்கள், செப்டம்பரிலேயே பேசி வையுங்கள்.

10. பத்தாம் கிரேடு: இங்கே விட்டுப் பிடிக்க முடியாது

ஒன்பது வரை எந்த வழியில் போனாலும் திரும்பலாம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை தேசியச் சான்றிதழ் என்ற பள்ளி இறுதிச் சான்றிதழுக்கான மூன்று ஆண்டுப் படிப்பு. இறுதி மதிப்பெண்ணில் 25 சதவீதம் பெரும்பாலான பாடங்களில் ஆண்டு முழுவதும் செய்த மதிப்பீடுகளிலிருந்து வரும். அதனால் வீட்டில் தனியாகப் படித்துவிட்டுப் பன்னிரண்டில் வந்து எழுத முடியாது. சகாய் அல்லது ஐ.இ.பி. என்ற தேர்வு வாரியத்தில் பதிவான நிறுவனம் வழியாகப் பத்தின் தொடக்கத்திலேயே சேர வேண்டும். இரண்டிலும் கிடைப்பது உமலூசி என்ற தரக் கட்டுப்பாட்டு அமைப்பு தரும் அதே சான்றிதழ்தான், "எங்களுடையதுதான் உயர்ந்தது" என்பவரை நம்பி அதிகம் கட்ட வேண்டாம்.

கேம்பிரிட்ஜ் என்றால் பாடத்துக்குப் பாடம் தேர்வுக் கட்டணம், அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் போக, தேசியச் சான்றிதழ் இல்லாமலே சேரலாம் என்ற விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். எந்தப் பாடங்களை எந்த நிலையில் எழுதினால் அது கிடைக்கும் என்பதைப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். ஜி.இ.டி. என்ற அமெரிக்கத் தேர்வைக் குறுக்குவழியாக விற்கிறார்கள். இங்கே பல்கலைக்கழகம் சேர அது நேர்வழி அல்ல.

ஊருக்குத் திரும்பி மருத்துவம் படிக்கும் எண்ணம் இருக்கிறவர்கள் கவனியுங்கள். இங்கே தேசியச் சான்றிதழில் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து ஒரே பாடம். கேம்பிரிட்ஜில் தனித்தனி. இந்தியாவில் அந்தப் பாடங்களைத் தனித்தனியாகக் கேட்பார்கள் என்பதால், இதை ஒன்பதாம் கிரேடின் நடுவிலேயே யோசித்து முடிவெடுங்கள். எங்கள் பெரியவனுக்கு அந்த முடிவை ஜூன் விடுமுறையில் எடுத்தோம். செப்டம்பரில் மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் பதில் வாங்கினோம், அக்டோபரில் சேர்த்தோம். அவனுடைய பத்தாம் கிரேடு புத்தகப் பெட்டி டிசம்பர் முதல் வாரமே வீட்டுக்கு வந்துவிட்டது.